சாய்த்து வைத்த கோடாலி

என் தம்பி பாவாடை, மரத்தைக் கேட்காமல் வெட்ட மாட்டான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வெட்டப் போகிற மரத்துக்கு முதல் நாள் சாயங்காலமே போய்விடுவான். செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, கோடாலியை அடிமரத்தில் சாய்த்து வைப்பான். இரும்பு மண்ணில் இருக்கும், காம்பு மரத்தின் மேல் இருக்கும். "நாளைக்கு வரேன். மேல குடியிருக்கிறவங்கல்லாம் வேற எடம் பாத்துக்கங்க. உனக்கு இஷ்டமில்லன்னா இதத் தள்ளி வுட்டுடு" என்று சத்தமாகவே சொல்லுவான். விடிந்ததும் போய்ப் பார்ப்பான். கோடாலி நின்றுகொண்டிருந்தால் மரம் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். கீழே கிடந்தால் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். வாலிபத்தில் இரண்டு வருஷம் கல்வராயன் மலையில் மரம் வெட்டுகிற வேலைக்குப் போயிருந்தான். அங்கே மலைக்காரர்கள் செய்வதைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பழக்கம் இது.

எங்களுடையது களமருதூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். கரும்பும் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டுப் பிழைக்கிற ஊர். அங்கே இதையெல்லாம் பார்த்துச் சிரிக்காமல் இருப்பார்களா? சுப்புராயன் அண்ணன் வீட்டு வேப்பமரம் கூரை மேல் சாய்ந்துகொண்டு வந்தது. பாவாடை மூன்று நாள் கோடாலியைச் சாய்த்து வைத்தான். மூன்று நாளும் அது விழுந்து கிடந்தது.

"அது காத்துடா பாவாட!" என்று சுப்புராயன் கத்தினார்.

"பக்கத்துலயே உங்க வேட்டி காஞ்சிக்கினு இருக்குது. காத்து அதத் தள்ளலியே அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அப்புறம் அவர் திருநாவலூரிலிருந்து வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து வெட்டினார்.

நான் சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். என் மகன் தனசேகரனுக்கு அப்போது மூன்று வயது. மாமியார் வீட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றேன். பாவாடை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்தான். நடுவில் நட்ட கம்பத்தைக்கூட அந்த மரத்தைக் கேட்டுத்தான் வெட்டினான். தனசேகரனுக்கு மொட்டை போட்டதும் காது குத்தினதும் தாய்மாமன் மடியில்தான். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவன்தான். பையன் பன்னிரண்டாவது பாஸ் செய்தான். எங்கள் தெருவில் அதுவரைக்கும் யாரும் செய்யாதது. வாத்தியார் படிப்புக்கு இரண்டு வருஷம் எழுதிப் போட்டான். இரண்டு வருஷமும் இடம் கிடைக்கவில்லை. சர்ட்டிபிகேட்டை ஒரு மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். 

இட ஒதுக்கீடு என்ற வார்த்தை எங்கள் தெருவுக்கு வந்தது அந்த வருஷங்களில்தான். கூட்டம் போட்டார்கள், சுவரில் எழுதினார்கள். எனக்கு எழுத்து தெரியாது.

"அப்டின்னா இன்னாடா?" என்று பையனைக் கேட்டேன்.

"பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கிறாங்களே, அந்த மாதிரிம்மா. நமக்குன்னு ஒரு துண்டு."

அன்றிலிருந்து பஸ்ஸில் யாராவது துண்டு போட்டு வைத்திருந்தால் நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அது வெறும் துண்டாகத் தெரியாது.

எண்பத்தேழு, புரட்டாசி பிறந்த அன்று மறியல் ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்கு ஒரு வண்டியும் ஓடக் கூடாது என்று சொன்னார்கள். எங்கள் ஊர் ரோட்டில் முதல் நாள் புளியமரங்களைத் தள்ளினார்கள். அன்று மத்தியானமே போலீஸ்காரர்கள் டிராக்டர் வைத்து அவற்றை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் மறியலை முன்னின்று நடத்தியவர் அதே சுப்புராயன் அண்ணன்தான். சாயங்காலம் நாலு ஆளோடு பாவாடை வீட்டுக்கு வந்தார்.

"மதவாண்ட நிக்குதே ஆலமரம், அது வுழுந்தாதான் எவனாலயும் இழுக்க முடியாது. அதக் கரெக்டா ரோட்டு மேல சாய்க்க உன்ன வுட்டா ஆள் இல்ல."

பாவாடை தலையை ஆட்டவில்லை. எனக்குக் காரணம் தெரியும். அது ஊர் மாடுகளின் மரம். எங்கள் பக்கத்தில் பசு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை நாய் வாயில் விடக் கூடாது. வைக்கோலில் சுற்றி, பழைய சாக்கில் கட்டி, பால் வடிகிற மரத்தில் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் பசுவுக்குப் பால் வற்றாது. அந்த ஆலமரம் முழுக்க மூட்டை மூட்டையாகத் தொங்கும். அதிலும் பாகம் உண்டு. வடக்குக் கிளைகளெல்லாம் எங்கள் தெருவுக்கு, வாய்க்கால் பக்கமாகப் போகிற தெற்குக் கிளை ஒன்று மட்டும் காலனிக்காரர்களுக்கு. யார் அப்படிப் பிரித்தார்கள் என்று தெரியாது. நான் பிறந்தபோதே அப்படித்தான் இருந்தது.

"பால் மரம் அண்ணே. ஊர் மாட்டுக் கொடியெல்லாம் அதுலதான் கீது" என்றான் பாவாடை.

"மாட்டப் பத்திக் கவலப்படுறான் பாருய்யா! தோ, வாசல்ல மஞ்சப்பையோட குந்திக்கினு இருக்கிறானே உன் அக்கா மவன், அவனப் பத்திக் கவலப்படு. நாளைக்கு எடம் கெடச்சா யாருக்குடா கெடைக்கும்? எனக்கா?"

பாவாடை தனசேகரனைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "கேட்டு வைக்கிறேன். நின்னா வெட்டறேன். வுழுந்தா என்னக் கேக்கக் கூடாது."

"வுழுந்துச்சின்னா நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் சுப்புராயன். "ஊரு ஒண்ணா நிக்கிற நேரத்துல ஒதுங்கினவன் வூட்டுக்கு, நாளைக்கு சாதி சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு கையெழுத்துன்னு வந்தா எவனும் போட மாட்டான்."

அவர் போன பிறகு பாவாடை கோடாலியை எடுத்துக்கொண்டு மதகுப் பக்கம் நடந்தான். எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். சாயங்காலத்திலிருந்து காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் என் மனம் மதகுக்கு ஓடியது.

கோழி கூப்பிட்டதும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பார்த்துவிட்டு வந்துவிடலாம், வேறொன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். அப்படித்தான் இன்றைக்கும் சொல்லுவேன்.

கோடாலி கீழே கிடந்தது.

மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வெட்டுகிற வாய் ரோட்டைப் பார்த்துக் கிடந்தது. நான் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. காற்று அடங்கியிருந்தது. ஒரு இலை அசையவில்லை. குடத்தைக் கீழே வைத்தேன். கோடாலியை எடுத்தேன். பார்த்துப் பார்த்து, அவன் வைக்கிற மாதிரியே இரும்பு மண்ணிலும் காம்பு மரத்திலுமாகச் சாய்த்து வைத்தேன். அது சரியாக நிற்கிறதா என்று காம்பை ஒரு தட்டுக்கூடத் தட்டிப் பார்த்தேன்.

"இன்னாம்மா இந்நேரத்துல?"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி ராஜாம்பாள், அறுத்த புல்லைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்கு வந்தேன்."

"கொழா அந்தாண்ட இல்ல கீது?"

நான் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் குடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

பாவாடை வந்து பார்த்தபோது ஊரே அங்கே நின்றது. நானும் நின்றேன். கோடாலியையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கிட்டே போய் உள்ளங்கையை அடிமரத்தில் வைத்தான். "நிக்குது" என்று மெதுவாகச் சொன்னான். கேள்வி கேட்கிற மாதிரி இருந்தது அது.

"நிக்குதுடா! நிக்குது! மரமே நம்ம பக்கம் நிக்குது!" என்று சுப்புராயன் கத்தினார். இளவட்டங்களெல்லாம் விசில் அடித்தார்கள்.

"கொடியெல்லாம் எறக்கிட்டு வெட்டறேன்" என்றான் பாவாடை.

"அதுக்குள்ள போலீசு வந்துடும். வெட்டுடா!"

அவன் பக்கவெட்டுப் போட்டான். மற்றவர்கள் ரம்பம் போட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது மரம் முனகியது. அவன் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டுக் கடைசி வெட்டுக்கு நின்றான். மரம் அவன் சொன்ன இடத்தில், ரோட்டுக்குக் குறுக்கே, சரியாக விழுந்தது. ஆனால் விழும்போது மண்ணில் வேர்விட்டிருந்த ஒரு விழுது இழுபட்டு அறுந்தது. சாட்டை மாதிரி சுழன்று வந்து அவன் வலது தோளில் அடித்தது. அந்தச் சத்தம் கூட்டத்தின் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

மூட்டைகளெல்லாம் ரோட்டில் சிதறிக் கிடந்தன. எங்கள் தெரு மூட்டை, காலனி மூட்டை என்று ஒன்றும் தெரியவில்லை. புதிதாகக் கட்டினது ஒன்று உடைந்து ஈ மொய்த்தது. ஜனங்கள் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போய் மரத்தின் மேல் ஏறி நின்று மறியல் கொடி கட்டினார்கள்.

நாலாம் நாள் போலீஸ் வந்தது. விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்துப்போன சேதி அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆம்பளைகளெல்லாம் கரும்புக்குள் ஓடிவிட்டார்கள். சுப்புராயன் முதலில் ஓடினார். பாவாடை தோளில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான், ஓட முடியவில்லை. காம்பில் மூன்று வெட்டுக் குறி போட்ட கோடாலி ஊரில் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள், கோடாலியையும் கொண்டுபோனார்கள். நாற்பத்தொரு நாள் கடலூர் ஜெயிலில் இருந்தான். கூட யார் யார் வெட்டினார்கள் என்று கேட்டதற்கு, "நானும் மரமும்தான்" என்று சொன்னானாம்.

அவன் உள்ளே இருந்த நாட்களில் நான் வீட்டில் உட்கார்ந்ததே இல்லை. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ஒரு நாள் ராஜாம்பாள் எதிரே வந்தாள்.

"ரோட்டுல கெடந்த கொடியெல்லாம் பொறுக்கி ஏரிக்கரை ஆலமரத்துல கட்டிட்டம்மா. நாய் இழுத்துக்கினு போச்சி, மனசு கேக்கல. எது யாருதுன்னு தெரியல. எல்லாத்தையும் ஒரே கெளையில கட்டிட்டேன். உங்க தெருவுல யாராச்சும் கோச்சிக்குவாங்களா?"

"கோச்சிக்கிட்டா என்கிட்ட அனுப்பு" என்றேன்.

அவள் போகவில்லை. தலையிலிருந்த புல்லுக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நான் பாத்தத யாருகிட்டயும் சொல்லல. நான் சொன்னா யாரு நம்பப் போறாங்க? ஆனா உங்க தம்பிகிட்ட நீங்க சொல்லிடுங்கம்மா. ஜெயில்ல குந்திக்கினு அந்த ஆளு இன்னா நெனச்சிக்கினு இருப்பாரு?"

"உன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

ஐப்பசியில் பாவாடை திரும்பி வந்தான். தோள் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. வலது கை காதுக்கு மேல் தூக்க வரவில்லை. வந்த அன்றைக்கு, நான் சோறு போட்டு உட்கார்ந்திருந்தபோது முதலாவதாக அவன் கேட்டது இதுதான்.

"ஒத்துக்கிட்ட மரம் அடிக்குமா அக்கா?"

"விழுதுக்கு இன்னா தெரியும்? சாப்புடு."

"இத்தினி வருஷத்துல ஒரு செராப்புகூடப் பட்டதில்ல. நான் கேட்டதுல ஏதோ தப்பு கீது. இல்லன்னா நான் கேக்கறது எந்த மரத்துக்கும் கேட்டதே இல்ல. எல்லாம் காத்துதான்."

அதற்கப்புறம் அவன் ஒரு மரத்தையும் தொடவில்லை. கை வராததால் என்று ஊர் நினைத்தது. இடது கையாலேயே அவன் சுள்ளி பிளப்பதை நான் பார்த்திருக்கிறேன். கையில்லை காரணம். நாலு ஆடு வாங்கி மேய்த்தான்.

இரண்டு வருஷம் கழித்து இருபது சதவீதம் என்று அறிவித்தார்கள். தெருவில் வெடி வெடித்தார்கள். தனசேகரனுக்கு வாத்தியார் படிப்புக்கு இடம் கிடைத்தது. "துண்டு வுழுந்துடுச்சிம்மா" என்று அந்த மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டினான். படித்து முடித்து, கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனான். நான் சந்தோஷப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சந்தோஷம் வந்த கையோடு கூடவே ஒரு குடம் காலியாக இடுப்பில் ஏறிக்கொள்ளும். அதை எப்படிச் சொல்லுவது?

வழக்கையும் எடுத்துவிட்டார்கள். பாவாடை கோர்ட்டுக்கு நடையாய் நடந்து கோடாலியைத் திரும்ப வாங்கி வந்தான். காம்பில் ஒரு அட்டை கட்டி நம்பர் எழுதியிருந்தது. அதை அவிழ்க்காமலே கொண்டுவந்து தனசேகரன் கையில் கொடுத்தான். "உனக்காக வெட்டினது. நீயே வச்சிக்க." பையன் ஊரில் புது வீடு கட்டியபோது அதைச் சாமி அறையில் நிறுத்தி மஞ்சள் குங்குமம் வைத்தான். என் மருமகள் தினமும் அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டுவாள். விறகு பிளந்த இரும்பு அது. நான் அந்த அறைக்குள் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஆயாவுக்கு முட்டி வலி என்று பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொண்டார்கள்.

அது போதாதென்று மைக்கிலும் வந்தது. வருஷா வருஷம் புரட்டாசியில் செத்துப்போனவர்களுக்கு நினைவு நாள் கூட்டம் போடுவார்கள். சுப்புராயன் ஏறிப் பேசுவார். முதல் வருஷம், கோடாலி நின்றது என்றார். அடுத்த வருஷம், புயல் காற்றிலும் அசையாமல் நின்றது என்றார். அதற்கடுத்த வருஷம் பேசும்போது மூன்று நாள் நின்றது என்றார். ஜனங்கள் கை தட்டுவார்கள். வேற்றூரிலிருந்து வந்தவர்கள் அந்த அடிமரத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பார்கள். அதில் யாரோ பெயிண்ட் அடித்தும் வைத்துவிட்டார்கள். நான் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். உட்கார முடியாமல் எழுந்து போவேன். தூரத்துக்குப் போனாலும் மைக் சத்தம் விடாது.

ஒரு தடவை பாவாடை மலைக்கு, தனசேகரனைப் பார்க்கப் போய்விட்டு வந்தான். வந்ததும் வராததுமாக என் வீட்டுக்கு வந்தான்.

"மலைக்காரங்களக் கேட்டுட்டு வந்தேன். கோடாலி நின்ன மரம் அடிக்குமான்னு. அவுங்க சிரிக்கிறாங்க. நின்னா அடிக்கவே அடிக்காது, நீ வச்சதுலதான் ஏதோ கோளாறு இருக்கும்னு சொல்றாங்க."

நான் முறத்தைப் புடைத்துக்கொண்டே இருந்தேன். புடைத்து முடித்த அரிசியையே திரும்பப் புடைத்தேன்.

பத்தாம் வருஷம் வந்தது. பெரிய கூட்டம், வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், பாவாடையை மேடையில் ஏற்றி மாலை போடப் போகிறார்கள் என்று சுப்புராயன் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நான் வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். பாவாடை வந்து எதிரே குந்தினான். அவனும் இடது கையால் இரண்டு உரித்தான்.

"மேடையில ஏறி ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம். மரம் ஒத்துக்கிச்சின்னு."

"ம்."

"அத நான் சொல்லட்டுமா அக்கா? எனக்குத் தெரியல. நீ சொல்லு. நீ சொன்னா சொல்லிடறேன்."

பத்து வருஷமாக அவன் என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். ஆனால் இந்தத் தடவை பதில் சொல்லாமல் முறத்தைப் புடைக்க முடியாது. நான் சரி என்றால் அவன் ஆயிரம் பேர் முன்னால் நின்று அதைச் சொல்லுவான். அப்புறம் அந்தப் பொய் அவன் வாயில் இருக்கும், என் வாயில் இருக்காது.

"சொல்லாத" என்றேன். "அது நிக்கல. வுழுந்துதான் கெடந்திச்சி. நான்தான் எடுத்து நிறுத்தினேன்."

அவன் கையில் இருந்த மல்லாட்டை அப்படியே இருந்தது. நான் திட்டுவான் என்று பார்த்தேன். அழுவான் என்றும் பார்த்தேன்.

"எந்தப் பக்கம் வுழுந்து கெடந்திச்சி?"

"ரோட்டுப் பக்கம்."

"வாய்?"

"ரோட்டப் பாத்து."

"எவ்ளோ தூரம்?"

"ஒரு மொழம் இருக்கும்."

"காத்து இருந்திச்சா?"

"இல்லடா. எல அசையல."

அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். முகத்தில் என்னமோ வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷம் மாதிரி இருந்தது.

"ஒரு மொழம் தள்ளிப் போட்டிருக்குது" என்றான். "அப்ப நான் சொன்னது அதுக்குப் புரிஞ்சிருக்குது. பத்து வருஷமா ஒண்ணுமில்லாததுகிட்ட பேசிக்கினு இருந்தேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் அக்கா."

"பாவாட…"

அப்போதுதான் கோபம் வந்தது. எழுந்து நின்றுவிட்டான். "என்ன மட்டுமா ஏமாத்தின நீ? அது வேணான்னு சொல்லிச்சி. அதோட வாயப் பொத்திட்ட. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வெட்டியே இருப்பேன், தெரியுமா? தனசேகரனுக்காக, வேணான்னு சொன்ன மரத்தையும் வெட்டியிருப்பேன். ஆனா தெரிஞ்சி வெட்டியிருப்பேன். அது அடிச்சா ஏன் அடிக்குதுன்னு தெரிஞ்சி வாங்கியிருப்பேன்."

கையில் இருந்ததை முறத்தில் போட்டுவிட்டுப் போனான்.

அவன் மேடைக்குப் போகவில்லை. சுப்புராயனிடம் மட்டும், "அன்னிக்கு மரம் ஒத்துக்கல அண்ணே" என்று சொன்னானாம். என் பேச்சை எடுக்கவில்லை. "அத இப்ப சொல்லி இன்னாடா ஆவப்போவுது? கூட்டம் ஜாஸ்தி, வெளிய சொல்லிக்கினு திரியாத" என்றாராம் அவர். அன்று சாயங்காலம் மைக்கில் கோடாலி ஏழு நாள் நின்றது.

மறுநாள் பாவாடை தனசேகரன் வீட்டுக்குப் போய்ச் சாமி அறையிலிருந்து கோடாலியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். குங்குமத்தைத் துடைத்து, அந்த நம்பர் அட்டையைப் பிய்த்து வாசலிலேயே போட்டுவிட்டானாம். கூட்டத்துக்காக மலையிலிருந்து வந்திருந்த பையன் என்னிடம் ஓடி வந்தான்.

"மாமா ஏம்மா எடுத்துக்கினு போறாரு? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. அது அவனுது" என்றேன். மற்றதையும் உட்காரவைத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த நம்பர் அட்டையைப் பொறுக்கப் போனான். தன் வேலையைப் பற்றி நினைத்திருப்பான்.

பாவாடை மறுபடியும் மரத்துக்குப் போக ஆரம்பித்தான். இடது கையால் வெட்டுகிற அளவுக்குச் சின்ன மரம், காய்ந்த கிளை, அவ்வளவுதான். சாயங்காலம் கோடாலியோடு என் வாசலைத் தாண்டித்தான் போவான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். தீபாவளிக்குத் தாய்வீட்டுச் சீராக வருகிற வெற்றிலை பாக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. அவன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். கேட்டதும் எழுந்து வாசலுக்கு வருவேன், அதற்குள் அவன் முதுகுதான் தெரியும். ராஜாம்பாளைப் போய்ப் பார்த்தேன். "சொல்லிட்டேன் ராஜாம்பா" என்றேன். "அப்டியா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். நான் பத்து வருஷம் தள்ளி வந்து சொன்னதற்கு அவள் வேறென்ன செய்வாள்?

மாசி மாதம் ஒரு சாயங்காலம். செருப்புச் சத்தம் வாசலில் நின்றது. நான் வருவதற்குள் போய்விட்டான். சுவரில் கோடாலி சாய்ந்து நின்றது. இரும்பு மண்ணில், காம்பு என் வீட்டுச் சுவரின் மேல்.

 மரத்தைக் கேட்கிற மாதிரி என்னைக் கேட்கிறானா, இல்லை என் வீட்டைக் கேட்கிறானா? எனக்கு இஷ்டமில்லை என்று யார் சொன்னது? நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கயிற்றில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துப் பின்பக்கம் கட்டினேன். கோழியைக் கூடையில் போட்டு மூடினேன். ஒரு பிள்ளையையும் அந்தப் பக்கம் விடவில்லை. படுத்தேன், எழுந்தேன், படுத்தேன்.

விடிந்து கதவைத் திறந்தால், கோடாலி கீழே கிடந்தது.

வாசலில் ஆள் இல்லை. தெருவில் ஒரு குஞ்சுகூட இல்லை. குனிந்து எடுத்து நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்? என் கை அந்த வேலையை ஏற்கெனவே செய்து பழகின கை. நான் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தேன். அவன் வருகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெயில் ஏறின பிறகு வந்தான். முதலில் கோடாலியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"வுழுந்து கெடக்குது" என்றான்.

"ஆமாண்டா. கெடக்குது."

"எப்ப பாத்த?"

"வெடியக்காலையே பாத்தேன்."

"எடுத்து நிறுத்தல?"

"நிறுத்தல."

அவன் கோடாலியின் பக்கத்தில் குந்தி, அது கிடந்த விதத்தைப் பார்த்தான். வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தான். சுவரில் காம்பு இருந்த இடத்தை விரலால் தடவினான். அங்கே மண் பெயர்ந்து கொட்டியிருந்தது. என்ன கண்டுபிடித்தானோ, சொல்லவில்லை. இடது கையால் எடுத்து உள்ளே கொண்டுபோய், என் அடுப்படி மூலையில் படுக்கவைத்தான். நிறுத்தி வைக்கவில்லை. படுக்கவைத்தான்.

"பழையது இருந்தா ஊத்து அக்கா" என்றான்.

ஊற்றினேன். மூலையில் கிடந்த கோடாலியைத் தொடாமல் தாண்டிப் போய் உப்பை எடுத்து வந்து வைத்தேன்.